கொளுத்தியவன் எடுத்த படம்

ஜெர்மன் சிப்பாய்கள் நல்ல ரசனைக்காரர்கள், கண்ணுகளா. ஒரு தோளில் துப்பாக்கி, இன்னொரு தோளில் கேமரா என்றுதான் எங்கள் பெலாரூசுக்குள் வந்து இறங்கினார்கள். கிணறு, வாத்து, சகதி, தேவாலயம் என்று ஒன்றையும் விடாமல் படம் எடுத்தார்கள். ஊர்ப்பெயர் எழுதுவது மட்டும் அவர்களுக்குக் கைவரவில்லை. எந்தப் படத்தைத் திருப்பினாலும் "ரஷ்யா" என்றுதான் இருக்கும். கொஞ்சம் சிரத்தை உள்ளவன் "ரஷ்யா, கோடைக்காலம்" என்று எழுதியிருப்பான்.

எங்கள் மாவட்டத்தில், எரிக்கப்பட்ட ஊர்களுக்காகக் கருங்கல் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயரையும், எரிந்த வீடுகள் எத்தனை என்பதையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் பதினான்கு ஊர்கள். என் பக்கத்து வீட்டுக்காரி தெக்லா பிறந்த வெர்பிலி மட்டும் அதில் இல்லை. ஊரோடு ஊர்க் காகிதங்களும் எரிந்துபோயின. காகிதம் இல்லாத ஊர் எரிந்திருக்க முடியாது என்பது அலுவலகத்தின் கணக்கு.

ஊர் எரிந்தபோது தெக்லாவுக்கு ஒன்பது வயது. காட்டோரம் பசுவை மேய்க்கப் போயிருந்ததால் அவள் பிழைத்தாள், பசுவும் பிழைத்தது. எண்பத்திரண்டு வயதில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசைதான்: கண்ணை மூடுவதற்குள் வெர்பிலி என்ற பெயரைக் கல்லில் பார்த்துவிட வேண்டும்.

நினைவுக் குழுவுக்குத் தலைவர் அர்க்காத் இக்னாத்தவிச். தங்கமான மனிதர். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். ஒரு படிவமாவது கொடுத்துத்தான் அனுப்புவார்.

"தெக்லா அத்தை, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஃபைல் நம்பணுமே. அப்படி ஒரு ஊர் இருந்துச்சுன்னு ஒரு போட்டோ கொண்டாங்க."

"எங்க ஊர்ல யார்கிட்டய்யா கேமரா இருந்துச்சு? கொளுத்த வந்தவன்கிட்டதான் இருந்துச்சு."

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க" என்றார், அடுத்த தெருவில் விசாரிக்கச் சொல்வதைப் போல.

கேட்டோம். எங்கள் நூலகப் பொறுப்பாளர் ஸ்னெஜானாதான் கேட்டாள். நூலகத்துக்கு யாரும் வராததால் அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. செத்துப்போன சிப்பாய்களின் ஆல்பங்களைப் பேரன்மார் இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். மூன்று குளிர்காலம் அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விற்கும் பேரன்மார் எல்லாரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்களாம்: "என் தாத்தா வெறும் சமையல்காரர்." இத்தனை சமையல்காரர்களோடு கிளம்பிய படை உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. அப்படியும் பசி தாங்காமல் எங்கள் கோழிகளைத்தான் தின்றார்கள்.

நான்காம் குளிர்காலத்தில் ஒரு சமையல்காரரின் ஆல்பத்தில் அந்தப் படம் அகப்பட்டது. பின்பக்கத்தில் "ரஷ்யா, நல்ல தண்ணீர்" என்று எழுதியிருந்தது. முன்பக்கத்தில் ஓர் ஏற்றக் கிணறு. ஏற்ற மரத்தின் வால்பக்கம் பாரத்துக்காக ஒரு வண்டிச் சக்கரத்தைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஓக் மரம், அதன் உச்சியில் நாரைக் கூடு. கிணற்றடியில் லினன் சட்டை போட்ட நாலு ஆண்கள், பின்னால் வரிசையாக வீடுகள்.

தெக்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அந்தச் சக்கரம் எங்கப்பா கட்டினது. அந்தா, ரெண்டாவதா நிக்கிறாரே" என்றாள். அப்புறம் படத்தைக் கிட்டக் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். கடைசியில், "எல்லாம் சரிதான். ஆனா செருப்ப கால் மாத்திப் போட்ட மாதிரி என்னமோ ஒண்ணு இடிக்குதுடி" என்றாள்.

படத்தைக் கொண்டுபோய்த் தலைவர் மேசையில் வைத்தோம். அவர் சந்தோஷமாகப் பார்த்தார்.

"அருமையான ஊர் அத்தை. ஆனா இதுல எல்லா வீடும் கூரையோட நல்லா நிக்குதே! இத வச்சு எரிஞ்சுதுன்னு நான் எப்படி எழுதறது?"

"எரியறதுக்கு முன்னாடி எடுத்ததுய்யா."

"அப்ப எரியறப்ப எடுத்தது வேணும்."

ஸ்னெஜானா அந்தப் பேரனுக்கு எழுதினாள். அவன் நல்ல பையன், உடனே பதில் போட்டான். அதே பக்கத்தில் இன்னொரு படம் இருந்ததாம். தாத்தா அடுப்பு பற்றவைப்பதை யாரோ எடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். அனுப்பி வைத்தான். அடுப்பு கொஞ்சம் பெரியதுதான். புகை, புகைக்கு நடுவே நாரைக் கூடு, சக்கரம் கட்டிய ஏற்றம். நெருப்பு கண்ணில் படும்போதே தெக்லா படத்தைக் கவிழ்த்துவிட்டாள். கவிழ்த்தபடியே அதைத் தலைவரிடம் கொண்டுபோனாள்.

அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருக்குக் கூர்மையான கண்.

"இதுல ஊர் இருக்கு, நெருப்பு இல்ல. அதுல நெருப்பு இருக்கு, ஊரே தெரியல. இன்னொண்ணு அத்தை, இதுல ஏற்றம் ஓக் மரத்துக்கு வலப்பக்கம் இருக்கு, அதுல இடப்பக்கம் இருக்கு. ரெண்டும் வேற வேற ஊரு."

வீடு திரும்பும் பேருந்தில் தெக்லா முதல் படத்தை மடியில் வைத்து, மூக்கு இடிக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் என் தொடையில் ஓர் அடி வைத்தாள். "சட்டைடி! சட்டையப் பாரு!"

மறுநாள் காலை, செத்துப்போன தன் கணவரின் லினன் சட்டையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். "அர்க்காத் இக்னாத்தவிச், இதப் போடுங்க."

"என்னது?"

"எதுன்னாலும் நிரூபிக்கச் சொல்றீங்கல்ல? போடுங்க."

அலுவலகமே வாசலில் கூடிவிட்டது. சட்டை தலைவரின் காதுவரை வந்து நின்றுகொண்டது. ஸ்னெஜானா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்து இறக்கினோம்.

"வயித்த உள்ள இழுங்க. கல்லுல பேர் செதுக்க மாட்டேன்னு மட்டும் மூச்சப் பிடிச்சா போதுமா? கழுத்துப் பிளவு, அதான் பட்டன் போடற இடம், எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் மார்பைத் தடவிப் பார்த்தார். "இடப்பக்கம்."

"நம்ம பக்கத்துல எல்லாப் பொம்பளையும் இடப்பக்கம்தான் வெட்டித் தைப்போம். உங்க பாட்டியும் அப்படித்தான் தைச்சா. இப்ப கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்க. கண்ணாடிக்குள்ள நிக்கிற ஆளுக்கு எந்தப் பக்கம்?"

தலைவர் கண்ணாடியில் இருந்த தலைவரைப் பார்த்தார். "அவருக்கு வலப்பக்கம்" என்றார் மெதுவாக.

"படத்துல நிக்கிற நாலு பேருக்கும் வலப்பக்கம்தான் இருக்கு. நாலு வீட்டுப் பொம்பளையும் ஒரே நாள்ல தையல மறந்துட்டாங்களா? இல்ல, அச்சடிச்சவன் ஃபிலிமத் திருப்பிப் போட்டுட்டானா?"

ஸ்னெஜானா முதல் படத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளிச்சத்தில் ஏற்றம் மரத்தைத் தாண்டி இடப்பக்கம் வந்து நின்றது. பக்கத்தில் புகைப் படத்தை வைத்தாள். கூடு, கிளை, சக்கரம் எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின. வாசலில் யாரோ கை தட்டினார்கள். தலைவர் பேனாவைத் தேடினார். அது அவர் கழற்றிப் போட்ட சட்டையில் இருந்தது.

"வெர்பிலி" என்று எழுதினார். தெக்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முதல் படத்தில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார். "எரிஞ்ச வீடு ஏழு."

"ஒன்பது" என்றாள் தெக்லா.

"படத்துல ஏழுதானே அத்தை இருக்கு?"

"மத்த ரெண்டும் படம் எடுத்தவனுக்குப் பின்னாடி இருந்துச்சு. கிணத்துக்கு நேர் எதிர எங்க வாசப்படி. அதுல நின்னுதான் எடுத்திருக்கான். அம்மா உள்ள இருந்திருப்பா."

தலைவர் பேனாவை மூடினார், திறந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவரால் முடியவில்லை. "படத்துல இல்லாத வீட்ட நான் எப்படி அத்தை..."

தெக்லா கோபப்படவில்லை. "அப்ப எண்ணே போடாதீங்க. பேர மட்டும் செதுக்குங்க. எங்கம்மா இல்லாத ஏழு எனக்கு வேணாம்" என்றாள்.

பதினான்கு ஊர்களுக்குக் கீழே பதினைந்தாவதாக அந்தப் பெயர் எண் இல்லாமல் நிற்கிறது. திறப்பு விழாவில் பித்தளை வாத்தியம் வாசித்தார்கள். அர்க்காத் இக்னாத்தவிச் அருமையாகப் பேசினார். முடிவில், "இந்த வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்த பெயர் தெரியாத புகைப்படக்காரருக்கு நம் நன்றி" என்றார்.

முன்வரிசையில் இருந்த தெக்லா, அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "வாங்கன்னு கூப்பிட்டு எங்கம்மா தண்ணி குடுத்தாளே, அவனுக்கா?"

பித்தளை வாத்தியக்காரர்கள் சட்டென்று அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். தெக்லா எழுந்து போய்த் தன் ஊர்ப்பெயரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள்.