இன்னொருவர் படிக்க வேண்டும்

1

இந்தக் கதையை லோதி ரோட்டில் ஒரு பேருந்தில் ஒட்டுக்கேட்டேன். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் தில்லித் தமிழர்கள் ஃபோனில் உரக்கப் பேசுவார்கள். முன்சீட்டுப் பெண்ணும் பேசினாள். அவளுக்குச் சுபாஷிணி என்று பெயர் வைத்தேன். மறுமுனைக் குரல் எனக்குக் கேட்கவில்லை. அந்த ஆளை நானேதான் கற்பனை செய்ய வேண்டும்.

2

சுபாஷிணி அன்று உற்சாகமாக [இந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அவள் அப்படி இல்லை.]

இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைக் கணக்கிட்டுத் தேடும் ஒரு கணினி நிரல் தொகுப்பை அவள் எட்டு வருடமாகப் பராமரிக்கிறாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஒரே விதி: எழுதியவரே தன் திருத்தத்தைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. இன்னொருவர் படித்து, ஓட்டிப் பார்த்து, ஓகே போட வேண்டும். விதியை எழுதியவள் அவள். அதை மீறியதற்காக, கூட வேலை செய்த நிகிலை வெளியேற்றியவளும் அவள்தான். மற்றவர்கள் தாமாகவே போனார்கள். மிச்சம், ஏதோ கல்லூரியில் இருக்கும் பச்சைமுத்து மட்டும்.

எல்லா அளவுக் கணக்குக்கும் பொதுவாக இருந்த நிரலை, அளவெடுத்துத் தைப்பதுபோல் அளவுக்கு ஒன்றாகப் பிரித்தாள். இரண்டு வருட வேலை. விடை ஒன்பது மடங்கு வேகமாக வந்தது. [அவள் சொன்ன எண். நான் சரிபார்க்கவில்லை.]

3

"படிச்சீங்களா பச்சைமுத்து?"

"ஓட்டாம படிச்சு என்ன பண்ண மேடம்? அத்தன அளவையும் கம்பைல் பண்றதுக்குள்ள என் லேப்டாப் செத்துடுது. உங்களுக்கு வேகம் வந்துச்சு, எனக்கு ஃபேன் சத்தம்தான் வந்துச்சு."

"அச்சா, காலேஜ்ல வேற மெஷின்?"

"அது இதவிடக் கெழம். நீங்களே சேத்துடுங்க. யாரு கேக்கப்போறா?"

[பச்சைமுத்து இப்படிக் கிண்டலாகப் பேசுவாரா, தெரியாது. ஆனால் கடைசிக் கேள்வியை அவர் கேட்டிருக்கத்தான் வேண்டும். அவள் பதிலை நான் கேட்டேன்.]

"நிகில் கேப்பான்."

4

முடிவு ஒன்று: அவளே சேர்க்கிறாள். நிகில்கூடக் கேட்கவில்லை.

முடிவு இரண்டு: பச்சைமுத்துவின் லேப்டாப் தாங்கும் அளவுக்கு அளவுகளைக் குறைக்கிறாள். [எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் பேருந்தில் அவள் சொன்னாள்: "கொறச்சா பழைய வேகம்தான். அப்ப ரெண்டு வருஷம் எதுக்கு?"]

முடிவு மூன்று: காத்திருக்கிறாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். லக்ஷ்மிபாய் நகரில் இறங்கி நடந்தாள். ஃபோன் காதிலேயே இருந்தது.

எழுதியவனே முடிவைச் சேர்க்கக் கூடாது என்பதால் இங்கே நிறுத்துகிறேன். நான் எழுதியதை இன்னொருவர், நீங்கள், படித்துவிட்டீர்கள். அவள் எழுதியதை...