கோட்டை மதிலில் இரண்டாம் முறை

முழங்கால் வலியென்று கோயிலுக்கே போகாத புலம்பெயர்ந்து குரோருட் புறநகரில் வாழும் சிவகௌரி, 2004 கோடையில் அந்நகரத்து அகெர்ஸ்ஹூஸ் கோட்டை பார்க்கப் பட்டுச்சேலை கட்டிப் புறப்பட்டாள். கேட்டால் சரித்திர ஆர்வமாம்! சுற்றிக் காட்டியவர் இந்திரகுமார். முப்பது வருசத்துக்கு முன்னர் யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் இவளோடு தனியே நின்றும், மனசிலுள்ளதை விட்டுவிட்டு ஒல்லாந்தர் சுண்ணாம்பு குழைத்த விதத்தை விளக்கியவர். பிறகு அவள் வேறொருவரைக் கட்டி, அவரையும் இழந்துவிட்டாள், இவர் கட்டவேயில்லை. இன்றாவது வாய் திறப்பாரென்று காத்திருந்தாள்.

மதிலேறியதும் அன்றைய யாழ்ப்பாணப் பண்ணைக் கடற்கரைக் காற்றுப்போலவே கடற்காற்று சேலையை இழுத்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"கௌரி, இந்த மதில் எழுநூறு வருசம்..."

"அப்பவும் கல்லு, இப்பவும் கல்லோ?" சிரித்தபடி அவள் கையை நீட்டினாள். "முழங்கால் நோகுது. பிடியுங்கோ, இறங்குவம்."

பிடித்தார். கீழே வந்த பிறகும் விடவில்லை. அவள் வீடு திரும்புமுன்னரே செய்தி குரோருட் தமிழர் காதுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.