பூ எழுத்து

அம்மாசி ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். போனவர் யாரும் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் எடுக்க, மெர்போக் ரப்பர் தோட்டத்து ஆண்கள் ஞாயிறு மாலை திடலுக்கு வரவேண்டும் என்ற சப்பானிய அறிவிப்பு அது. அந்தத் தோட்டத்தில்தான் அவன் அக்காள் ராக்காயியும் அவள் புருஷன் முருகையாவும் இருந்தார்கள்.

மாதிரித் தாளோடு சப்பான் ஆபீசுக்குப் போன அச்சக முதலாளி சீனிவாசகம், வெளிறிப்போய்த் திரும்பினார்.

"எழுத்து எறும்பாட்டம் இருக்குன்னு மூஞ்சில விட்டெறிஞ்சிட்டான். கூலிக்காரங்க லயத்து வீட்டுலேருந்தே தெரியணுமாம். பூ எழுத்தப் போடு."

"அண்ணே, அது திருவிழாவுக்கும் கூத்துக்கும் போடுறதாச்சே."

"வேற பெரிய எழுத்து இருந்தா எடு. இல்லாட்டி நம்ம ரெண்டு பேரையும் லாரில ஏத்துவான்."

அம்மாசி மேல் தட்டிலிருந்து துணி மூட்டையை இறக்கினான். உள்ளங்கை அகல மர எழுத்துகள். வயிறு தடித்தவை, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சிறு பாதம்போல ஒரு திரட்சி, சுழிகளுக்குள் கொடியும் மொட்டும். மைகூட அதற்கு இரட்டிப்பாக வேண்டும். துக்கச் செய்திக்கு அதை யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். சுவரில் அது ஏறினால் சாமி புறப்பாடோ நாடகமோ உண்டு.

வாசகம் தெளிவாகத்தான் இருக்கிறது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்குப் படிக்கத் தெரியும், கேட்டால் சொல்லாமலா இருப்பார் என்று நினைத்துக்கொண்டே கோத்தான். முடித்ததும் மறுபடி சந்தேகம் வந்தது. அதற்குள் சீனிவாசகம் மை பூசிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் மனம் கேட்கவில்லை. முருகையாவை ரப்பர் காட்டுக்குள் ஒளியச் சொல்ல சைக்கிளில் கிளம்பினான். டயருக்குப் பதிலாகச் சுற்றியிருந்த ரப்பர் குழாய், சுங்கைப் பட்டாணி ஊரைத் தாண்டியதுமே கழன்றது. மிச்ச வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தான்.

திடலில் தோட்டமே கூடியிருந்தது. பெட்டிக்குள் காத்து வைத்திருந்த சேலைகள் வெளியே வந்திருந்தன. ராக்காயி பூ வைத்திருந்தாள்.

"வந்துட்டியா தம்பி. சுவத்துல பாத்ததுமே சொன்னேன், இது என் தம்பி போட்டதுன்னு. லயம் பூரா கூட்டியாந்துட்டேன்."

"அக்கா, என்ன போட்டிருக்குன்னு கிராணியக் கேக்கலையா?"

"இதுக்குப் போயி கிராணியக் கேப்பாங்களா? சாமியா, கூத்தா, அதச் சொல்லு."

ஆண்கள் வரிசையிலிருந்து முருகையா சிரித்தான். நெற்றி நிறையத் திருநீறு.

"கூத்துத்தான். மச்சான் மூஞ்சியப் பாரு, ராஜபார்ட்டு இப்பவே அழுவுறாப்ல இருக்கு."

அம்மாசி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான்.

"எந்திரிங்க மாமா. காட்டுக்குள்ள ஓடிருங்க."

"என்னாடா ஆச்சு ஒனக்கு?"

மரங்களுக்கிடையிலிருந்து சிப்பாய்கள் வெளிவந்து திடலைச் சுற்றி நின்றார்கள். லாரிகளின் சத்தம் கேட்டது. யாரையும் பிரித்து உட்கார வைக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக, நடுவில் சாமி வருவதற்கு வழிவிட்டுத்தான் சனம் உட்கார்ந்திருந்தது. அந்த வழியிலேயே முதல் லாரி பின்பக்கமாக மெல்ல உள்ளே வந்தது. பெண்கள் கால்களை மடக்கி இடம் கொடுத்தார்கள்.