தூக்குக்கு ஒரு வாக்கியம்

எழுந்ததும் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு நிறுத்தினான். பல் தேய்த்தான். பால் பொங்கும்வரை அடுப்பருகே நின்றான். குப்பைப் பையைக் கட்டிக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். செருப்பை மாட்டும்போதுதான், இன்று போக வேண்டியது வேலைக்கு இல்லை, பிணவறைக்கு என்பது மண்டையில் ஏறியது.

அவன் மனைவியின் அம்மா அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கட்டில் முழுக்க மகளின் உடைகள்.

"இந்தப் பச்சையா, நீலமா? எது அவளுக்குப் பிடிக்கும்?"

"பச்சை, அத்தை."

"பச்சையில கைப்பக்கம் கிழிஞ்சிருக்கே."

"தெரியும். கிழிஞ்சாலும் அதத்தான் போடுவா."

அத்தை நீலத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

வாசலில் மச்சான் வேனோடு காத்திருந்தார். மனைவியின் அண்ணன், டயர் கடை வைத்திருப்பவர். நேற்று முழுக்க மைக் நீட்டியவர்களிடமெல்லாம் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"ஏறுங்க மாப்ள. இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்துடறாராம். உங்க வாக்குமூலத்த எழுதிக்கிட்டு பாடிய குடுத்துடுவாங்க."

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸை விளிம்பு தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. கடையைச் சாத்தும் நேரத்தில் ஒருவன் உள்ளே புகுந்து கல்லாவைத் திறக்கச் சொன்னான். போகும்போது, ஷட்டர் இழுக்கும் கம்பியால் அவள் தலையில் அடித்துவிட்டு ஓடினான். தெருமுனையிலேயே பிடித்துவிட்டார்கள். அவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஒரே ஒருமுறை கண் திறந்தாள். அப்போது பக்கத்தில் இருந்தது இவன் மட்டும்.

"நான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்," என்றார் மச்சான்.

"என்னன்னு?"

"அவ முழிச்சப்ப உங்ககிட்ட சொன்னாள்ல. கல்லாச் சாவியக் குடுத்த பிறகும், 'உன்ன உயிரோட விடமாட்டேன்'னு சொல்லிட்டு அடிச்சான்னு."

"அப்படிச் சொல்லலையே மச்சான்."

சிக்னலில் பச்சை விழுந்தது. மச்சான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் கத்தியது.

"பயத்துல அடிச்சிட்டேன்னு அவன் சொல்றான். அதுவே நின்னுடுச்சுன்னா உள்ள கொஞ்ச வருஷம், அவ்ளோதான். வெளிய வந்து கல்யாணம் பண்ணிக்குவான், புள்ள பெத்துக்குவான். கொல்லணும்னே அடிச்சான்னு ஒரு வார்த்தை இருந்தா தூக்குதான்னு வக்கீல் சொல்றாரு. அந்த வார்த்தையச் சொல்ல உங்கள விட்டா ஆள் இல்ல."

"அவ சொல்லலைங்கறேன்."

"சொல்ற நிலைமையில இருந்திருந்தா சொல்லியிருப்பா. அவளத் தெரியாதா நமக்கு?"

அது உண்மைதான். டிவியில் கொலைச் செய்தி வந்தால் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இவனையெல்லாம் இன்னும் ஏன் வச்சிருக்காங்க? தூக்கிட வேண்டியதுதானே?" என்பாள். இவன் ஆரம்பித்துவிடுவான். உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட நாடுகள் தூக்கை ஒழித்துவிட்டன என்பான். தப்பான ஆளைத் தொங்கவிட்டுப் பிறகு அவிழ்க்க முடியுமா என்பான்.

"காலேஜ்ல படிச்சத ஒப்பிக்காத. உன் வீட்ல நடந்தா தெரியும்."

"என் வீட்ல நீ மட்டும்தானே இருக்க?"

"அப்ப என்னையே வச்சு யோசிச்சுப் பாரேன்."

இருவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"செத்த பிறகும் அவகிட்ட வாதாடி ஜெயிக்கணுமா மாப்ள?" என்றார் மச்சான், அந்தச் சிரிப்பைக் கேட்டவர்போல.

"அதில்ல மச்சான்."

அதில்லைதான். அந்த வாதங்களில் ஒன்றுகூட இப்போது அவனிடம் இல்லை. தேடிப் பார்த்தான். கரண்ட் வெட்டிய காலி வீட்டில் சுவிட்சைத் தட்டுவது போல இருந்தது.

பிணவறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேஜையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. பினாயில் வாடை. இன்ஸ்பெக்டர் இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கியபடி உட்காரச் சொன்னார். மச்சான் உட்காரவில்லை. நீல உடை இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

"ரொம்பக் கஷ்டப்படுத்தல தம்பி. சாவியக் குடுத்ததுக்கு அப்புறமும், உயிரோட விடமாட்டேன்னு சொல்லித்தான் அடிச்சான். அப்படித்தானே சொன்னாங்க? நீங்க ஆமான்னா போதும், மத்தத நான் எழுதிக்கறேன்."

ஆமா என்பது சின்னச் சொல். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பம்ப் கம்பெனியில் பழுதுக்கான போன்களை எடுப்பதுதான் அவன் வேலை. கூப்பிட்டவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுத வேண்டும். 'சத்தம் வருது' என்றால் 'சத்தம் வருது'. 'பேரிங் போயிருக்கும்' என்று இவனாகச் சேர்த்தால் திட்டு விழும். எழுதிவிட்டால் அப்புறம் அதுதான் அவர் சொன்னது.

இப்போது ஆமா என்றால் கோர்ட்டில் அதைப் படிப்பார்கள். பேப்பரில் போடுவார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அத்தை அதையே சொல்லி அழுவாள். கொன்றவன் சொன்னதாக ஒரு வாக்கியம், அவள் வாயில், கடைசியாக.

"அவனப் பத்தி அவ ஒண்ணுமே சொல்லல சார்."

"மாப்ள!"

இன்ஸ்பெக்டர் மச்சானைக் கையமர்த்தினார். "நிதானமா யோசிங்க தம்பி. அதிர்ச்சில மறந்திருக்கும். பின்னாடி வந்து மாத்திச் சொன்னா நிக்காது."

"மறக்கல சார்."

மச்சான் மேஜையருகே வந்தார். "உனக்குப் பொண்டாட்டி. எனக்குக் கூடப் பிறந்தவ. நாளைக்கு அவன் ரோட்ல எதிர்ல வருவான், நல்லா வணக்கம் வை."

"எனக்கும் அவன் சாகணும் மச்சான்."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தண்ணீர் வேண்டும் என்று கேட்பது போல இருந்தது குரல். அவனுக்கே அது பயமாக இருந்தது.

"அப்ப சொல்லேன்டா!"

மச்சானின் கையிலிருந்த பை கசங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் திரும்பிச் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

இன்ஸ்பெக்டர் மிட்டாயைக் கடித்து விழுங்கினார். பேனாவைத் திறந்தார்.

"சரி. கண்ணு முழிச்சுப் பேசினாங்கன்னு நர்ஸ் சொல்றாங்க. பேசினாங்களா?"

"பேசினா."

"என்ன பேசினாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சுவரிலிருந்து மச்சான் திரும்பவில்லை. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பது தெரிந்தது. அவள் சொன்ன அதே வேகத்தில் சொல்லப் பார்த்தான்.

"'சட்டை பட்டன மாத்திப் போட்டிருக்க, லூசு.'"