பேகம்பூரில் ஒரு கடுகு மலை

முத்தழகுபட்டியில் என் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு நாற்காலியோடு ஆரம்பித்த பார்லர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் போதும் என்று சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பேகம்பூரில் கல்யாணப் பெண்கள் அதிகம், நல்ல பார்லர் குறைவு என்று யோசித்து, அங்கே இரண்டாவது கடையைத் திறக்க ஏற்பாடு செய்தேன்.

"அங்க பாதிப்பேரு வீட்டுல உருதுலதான பேசுவாங்க. ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் என் கணவர் அந்தோணிராஜ்.

"மூஞ்சியப் பாத்துச் செய்யிற வேலைக்கு உருது எதுக்கு?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். இந்தக் கல்யாண சீசனுக்குள் கடை பிடித்து நிற்காவிட்டால் நானே இழுத்து மூடிவிடுகிறேன் என்று வீறாப்பாக ஒரு சபதமும் போட்டேன்.

கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தவள் தில்ஷாத். வீட்டுக்குள் உருது, படியிறங்கினால் தமிழ். திறப்பு விழாவுக்கு முன்னால் கண்ணாடி மாட்ட வந்தவர் அதை ஒரு விரல்கடை சாய்வாக மாட்டிவிட்டார். நான் விடவில்லை. கழற்றச் சொன்னேன், மாட்டச் சொன்னேன், மறுபடியும் கழற்றச் சொன்னேன். மனுஷர் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். படியில் நின்று வேடிக்கை பார்த்த தில்ஷாத் சிரித்தாள்.

"ராணிக்கா, நீங்க எதத் தொட்டாலும் ராயீ கா பஹாட்தான்."

"அப்புடின்னா?"

"ராயீன்னா கடுகு. பஹாட்னா மல. கடுக மலையாக்குறது."

அதற்குள் மாடியில் குக்கர் விசில் அடிக்க, அவள் ஓடிவிட்டாள்.

கடுகு, மலை. எனக்கு இது போதாதா? கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையே நகரும் என்று சர்ச்சில் பூசைப் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் ஆட்களுக்குக் கடுகும் மலையும் சேர்ந்து வந்தாலே அது நல்ல வார்த்தைதான். ஒற்றை நாற்காலியை இரண்டு கடையாக்கியவளை இந்தப் பெண் எவ்வளவு அழகாகப் பாராட்டிவிட்டாள் என்று பூரித்துப்போனேன். பெயிண்டர் பொம்மையனைக் கூப்பிட்டு, தகர போர்டில் 'ராணி பியூட்டி பார்லர்' என்பதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ராயீ கா பஹாட்' என்று எழுதச் சொன்னேன்.

"இது என்னக்கா, ஊருப் பேரா?" என்றார் அவர்.

"நம்ம பெருமைய நம்மதான் சொல்லிக்கிறணும். எழுதுங்க."

போர்டு ஏறியது. தெருவில் போன பெண்கள் நின்று படித்தார்கள், துப்பட்டாவால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். தங்கள் பாஷையைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்து நானும் பதிலுக்குச் சிரித்துக் கும்பிட்டேன். ஆனால் ஒருத்திகூட உள்ளே வரவில்லை. அடுத்தடுத்த தெருவில் நிக்காஹ் பந்தல் போட்டார்கள், பிரியாணி வாசம் கடைக்குள் வந்தது, கல்யாணப் பெண்கள் மட்டும் வேறு எங்கோ போனார்கள். நான் தினமும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சபதப் பேச்சு வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

தங்கச்சி பிரசவத்துக்கு வாணியம்பாடி போயிருந்த தில்ஷாத் அப்போதுதான் திரும்பி வந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கியவள் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அக்கா, ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு ஊரக் கூட்டுறவங்கள அப்புடிச் சொல்லுவோம்க்கா. சின்னத ஊதிப் பெருசாக்குறது."

"அப்ப அன்னைக்கு நீ என்னையத் திட்டுனியா?"

"திட்டலக்கா. உள்ளதச் சொன்னேன்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒரு கடைக்காரி தன் தலைக்கு மேலே, 'இங்கே சின்ன விஷயம் ஊதிப் பெரிதாக்கப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டுக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குக் கும்பிடும் போட்டிருக்கிறாள். அவமானத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொம்மையனுக்கு போன் போட்டுத் திட்டினேன். உடனே வந்து போர்டை இறக்கச் சொன்னேன்.

அவர் ஏணியில் ஏறி ஒரு பக்கத்து ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது புர்கா போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அழுது சிவந்த கண்.

"அக்கா, போர்டுல போட்டுருக்கது நெசந்தானா?"

தப்பாக எழுதிவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் உள்ளே வந்து முகத்திரையை விலக்கினாள். மூக்கு நுனியில் ஒரு பரு, செக்கச்செவேல் என்று.

"நாளைக்கு எனக்கு நிக்காஹ். பேரு முபீனா. காலையில இருந்து அழுதுக்கிட்டிருக்கேன். அம்மாவும் சரி, சின்னம்மாவும் சரி, 'ராயீ கா பஹாட் நக்கோ பனா', கடுக மலையாக்காதங்குறாங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்குறாங்க. யாருமே கிட்ட வந்து என்னன்னு பாக்கக்கூட இல்லக்கா. கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். போர்டு கண்ணுல பட்டுச்சு. இங்க ஒருத்தராச்சும் இதப் பெருசா எடுத்துக்குவீங்கன்னுதான் வந்தேன்."

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். சின்னப் பருதான். ஐஸ் ஒத்தடம் கொடுத்து வீக்கத்தை இறக்கி, நாளைக்கு மேக்கப்பில் கைநேர்த்தியாக மூடினால் மாப்பிள்ளையின் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. என் தொழிலில் இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாளை ஒரு நாள்தானே. அதைச் சின்னது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பெரிய விஷயந்தான்மா. கல்யாணத்த வச்சுக்கிட்டு இது சின்ன விஷயமா? நீ அசையாம உக்காரு. நாளைக்குக் காலையிலயும் நானே வாரேன்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுது முடித்தாள். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்தாள். "அம்புட்டு மோசமா இல்ல, என்னக்கா?" என்றாள்.

வெளியிலிருந்து பொம்மையன் குரல் கொடுத்தார். "அக்கா, இன்னும் ஒரு ஆணிதான். போர்ட எறக்கிரவா?"

"எறக்காதீங்க," என்றேன், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே. "இன்னும் ஒரு முழம் ஏத்தி அடிங்க. தெரு முக்குல இருந்து பாத்தாலே தெரியணும்."