மும்பையில் செய்த திருத்தம்

மும்பை செம்பூரில் உள்ள அந்தச் சிறிய ஆபீஸுக்குப் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வரும். அவற்றின் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பது பாகீரதியின் வேலை. போன பிப்ரவரியில் ஒரு குட்டித் தீவு நாட்டின் பருவநிலைக் கொள்கை வந்தது. டீசல் மின்நிலையங்களை 2035க்குள் மூடிவிடுவோம் என்றது அதில் ஒரு வரி. கடல் உள்ளே வந்ததால் மூன்று கிராமங்களை இடம் மாற்றிய நாடு அது. அதனால் அந்த வரி அவள் மனதில் நின்றது.

திருத்தி அனுப்பிப் பத்து நாளில், கடைசிப் பார்வைக்காக அதே கோப்பு திரும்பி வந்தது. இப்போது 2035 இல்லை. ‘உகந்த காலத்தில்’ என்று இருந்தது.

யார் மாற்றியது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. யார் எதை மாற்றினார் என்று கோப்பிலேயே காட்டும் பதிவைத் திறந்தாள். நாற்பத்தொரு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பெயர். அவர் பக்கத்துப் பெரிய நாட்டின் எரிசக்தித் துறைக்காரர். தீவுக்கு டீசல் விற்பதும் அந்த நாடுதான்.

தீவின் பருவநிலை அதிகாரிக்கு போன் செய்தாள். அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. டீசல், அரிசி, நோயாளிகளை ஏற்றிப்போகும் கப்பல் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன என்றாள். யாரும் கேட்காமலே தங்கள் மந்திரி எதையும் முதலில் அவர்களுக்கு அனுப்பிவிடுவாராம். பதிவை அழித்துவிட்டு அனுப்புவதுதான் வழக்கம், அழிக்கட்டுமா என்று பாகீரதி கேட்டாள். வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றாள் அந்த அதிகாரி.

மார்ச்சில் அந்தக் கோப்பு பதிவோடு தீவின் நாடாளுமன்றத்துக்குப் போனது; அங்கே ஓர் உறுப்பினர் நாற்பத்தொரு மாற்றங்களையும் வாசித்தார். அதெல்லாம் மும்பையில் செய்த மொழித் திருத்தம் என்று மந்திரி பதில் சொன்னார். மறுநாளே, அதை உறுதி செய்து கடிதம் தரும்படி மந்திரியிடமிருந்து ஆபீஸுக்கு மெயில் வந்தது. தந்தால் தங்கள் நாட்டு வேலை இன்னும் மூன்று வருடம் தொடரும் என்ற குறிப்பும் இருந்தது.

ஆபீஸை நடத்தும் வைத்தீஸ்வரன் அவளைக் கூப்பிட்டார்.

“ரெண்டு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுது, பாகீரதி. எங்கேயோ இருக்கற தேசம். நமக்கென்ன?”

“நான் போட்டது கமா, சார். வருஷத்தை நான் தொடவே இல்லை.”

அவர் கோபப்படவில்லை. பதிவைத் தன் மேஜைக்கு வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் படித்தார். பிறகு அவரே எழுதினார்: எங்கள் திருத்தங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, பட்டியல் இணைத்திருக்கிறோம், வருடம் அதில் இல்லை.

ஆபீஸுக்கு அந்தத் தீவின் வேலை போயிற்று. கொள்கை ஒரு குழுவுக்குத் திரும்பிப்போய் ஆகஸ்டில் நிறைவேறியது. வருடமும் திரும்பி வந்திருந்தது, ஆனால் 2040 என்று. இதுவும் பக்கத்து நாடு போட்டதுதானா என்று பாகீரதி அதிகாரிக்கு எழுதிக் கேட்டாள்.

இல்லை, குழுவில் ஒரு வாரம் எங்களுக்குள்ளேயே சண்டை போட்டு நாங்களே போட்டது என்று பதில் வந்தது. மின்சாரத்துக்கு வேறு வழி செய்ய அவ்வளவு காலம் வேண்டுமாம். பக்கத்து நாடு இதுவரை ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள்.

பாகீரதி அதை வைத்தீஸ்வரனிடம் காட்டினாள். இரண்டு முறை படித்தார்.

“அந்த ஊர் மேப்ல எங்கே இருக்கு, காட்டுங்கோ பார்ப்போம்” என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.