வலையை விட்டு வா

சமன் ஆனால் போதும் என்று ஆடுகிற அணியைப் போல வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறொன்றும் கிடையாது. லிதுவேனியாவின் ஐஸ் ஹாக்கிப் பையன்கள் அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தாங்களும் அடிக்க மாட்டார்கள், நம்மையும் அடிக்க விடமாட்டார்கள். ரப்பர் வில்லை மட்டையில் பட்டதும் அதை எதிர்மூலைக்குத் தள்ளிவிட்டு, ஆற அமர ஆளை மாற்றிக்கொண்டு, மறுபடி வந்து தங்கள் வலைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். இரண்டுக்கு இரண்டு. கடைசிப் பகுதியான மூன்றாவதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

எஸ்டோனியாவின் கோத்லா-யார்வே அரங்கத்தில் உட்கார இடமில்லை. பகல் ஷிப்டு முடித்த சுரங்கத்துக்காரர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து படிகளில் நின்றார்கள். ஏதோ பெரிய உலகக்கோப்பை என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வயதுக்குட்பட்ட பையன்களின் போட்டி, அதிலும் உலகம் திரும்பிப் பார்க்காத கீழ்ப் பிரிவு. ஆறு நாடுகள். முதலில் வருகிறவன் மேல் பிரிவுக்குப் போவான், கடைசியில் வருகிறவன் இதைவிடக் கீழே இறங்குவான். மேலே போகிற ஆசையெல்லாம் வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது மிச்சமிருந்த கேள்வி, இறங்கப்போவது எஸ்டோனியாவா லிதுவேனியாவா என்பதுதான்.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. லிதுவேனியாவிடம் மூன்று புள்ளி, எஸ்டோனியாவிடம் ஒன்று. அறுபது நிமிடத்துக்குள் ஜெயித்தால் முழுசாக மூன்று கிடைக்கும், தப்பித்துவிடலாம். சமன் என்றால் ஆளுக்கு ஒன்று. பிறகு கூடுதல் நேரத்தில் ஜெயித்தாலும் மேற்கொண்டு ஒரே ஒரு புள்ளிதான், அது போதாது. ஆக, அறுபது நிமிடம் முடிகிறபோது சமனாக இருந்தால் எஸ்டோனியாவின் கதை முடிந்தது.

கையில் இருந்த அந்த ஒற்றைப் புள்ளி மூன்றாக இருந்திருக்க வேண்டியது. ஏன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை நெதர்லாந்தோடு ஆட்டம். மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருக்கிறோம், ஒரு நிமிடம்கூட பாக்கியில்லை. கோல்கீப்பர் யோசெப்புக்கு என்ன தோன்றியதோ, தன் வலைக்குப் பின்னால் போன வில்லையை ஓடிப்போய் எடுத்தான். சும்மா விட்டிருந்தால் அது மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். எடுத்தவன் அதைத் தன் ஆளுக்குத் தள்ளுவதாக நினைத்து ஒரு நெதர்லாந்துக்காரனின் மட்டையில் கொண்டுபோய் வைத்தான். முன்னால் வலை திறந்து கிடக்கிறது, காவல்காரன் பின்னால் நிற்கிறான். அந்தப் பையன் நம்ப முடியாமல் ஒரு கணம் முழித்துவிட்டு, மெதுவாக உள்ளே தள்ளினான். கூடுதல் நேரத்தில் தோற்றும் போனோம்.

மறுநாள் ரொட்டிக் கடையில் யாரும் யோசெப்பை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேப்டன் கிரில் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னான். "இன்னொரு தடவ வலைய விட்டு வெளிய வந்தேன்னு வை, உன்னையும் வலையையும் சேத்துக் கட்டிப் போட்டுருவேன்." எல்லோரும் சிரித்தார்கள். யோசெப்பும் சிரித்தான். அதற்குப் பிறகு மூன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. அவனுக்கு இது கடைசி ஜூனியர் போட்டி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அணியைக் கீழே தள்ளிவிட்டு வயதாகிப் போனவன் என்ற பெயரோடு சொந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவது? வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவன் உயிரைக் கொடுத்துத் தடுத்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

இதில் இன்னொரு கூத்து, லிதுவேனியாவின் முன்வரிசை ஆட்டக்காரன் தோமந்தாஸ் அவனுடைய அறைத்தோழன். வருடம் முழுக்க இரண்டு பேரும் பின்லாந்தில் ஒரே கிளப்பில் ஆடுகிறார்கள், கோட்கா நகரில் ஒரே அறையில் கிடக்கிறார்கள், ஒருத்தன் வாங்கி வைத்த தயிர்க்கட்டி மிட்டாயை இன்னொருத்தன் தின்கிறான். வலைக்குப் பக்கத்தில் ஆட்டம் நிற்கும்போதெல்லாம் தோமந்தாஸ் சறுக்கிக்கொண்டு வந்து வம்பிழுத்தான்.

"டேய் யோசெப், உள்ள புழுக்கமா இல்ல? திங்கக்கிழம மாதிரி கொஞ்சம் வெளிய வாயேன், காத்தாட நிக்கலாம்."

"வாய மூடு. கோட்காவுல ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு, தெரியும்ல?"

"நீ கீழ் பிரிவுக்குப் போனப்புறம் உன்னோட ஒரே ரூம்ல இருக்கறது என் கௌரவத்துக்குச் சரிப்படாதுடா."

யோசெப் முகமூடிக்குள் பல்லைக் கடித்தான். நண்பன்தான், ஆனால் அந்த நேரத்தில் கழுத்தை நெரித்திருப்பான்.

இடைவேளையிலேயே பயிற்சியாளர் உர்மாஸ் திட்டத்தைச் சொல்லியிருந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆளில்லை. அவர் சொன்னதைக் கேட்டு அறையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசி மூணு நிமிஷத்துலயும் சமனா இருந்தா கோல்கீப்பரை வெளிய எடுக்கறேன். ஆறு பேரும் அடிக்கப் போறோம்."

"சமன்ல இருக்கும்போதா, கோச்?" என்றான் கிரில். "தோத்துக்கிட்டு இருந்தா எடுப்பாங்க. சமன்ல யாராச்சும்..."

"தோத்தாலும் கீழ. சமனானாலும் கீழ. அப்புறம் வலைய யாருக்காகடா காவல் காக்கறது?" யோசெப் பக்கம் திரும்பினார். "வில்லை நம்மகிட்ட, அவங்க பக்க நீலக்கோட்டத் தாண்டி உள்ள இருக்கும்போது ரெண்டு கையையும் தூக்குவேன். ஒண்ணையும் யோசிக்காத. வலைய விட்டு வா. நீ கிளம்பினதும் உனக்குப் பதிலா ஆறாவது ஆளா சீம் உள்ள போவான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது கோச்."

சொல்லத்தான் சொன்னான். பரிகாரம் செய்ய வேண்டும் என்று இத்தனை நாளாகத் துடித்தவனுக்கு, கடைசியில் கிடைத்த வேலை வலையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுவது. திங்கட்கிழமை எதைச் செய்து மானத்தை வாங்கினானோ, அதையே இன்றைக்குக் கூப்பிட்டுச் செய்யச் சொல்கிறார்கள்.

இரண்டரை நிமிடம் இருக்கும்போது எஸ்டோனியாவுக்கு அந்தத் தருணம் வாய்த்தது. கிரில் வில்லையை எதிரணியின் கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான். லிதுவேனியாவின் ஐந்து பேரும் வெகுநேரமாக உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள், கால் ஓய்ந்துபோய் மாறவும் வழியில்லாமல். அரங்கமே எழுந்து கத்தியது. நம் பெஞ்சும் எழுந்து நின்று அந்தப் பக்கமே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. உர்மாஸ் இரண்டு கைகளையும் தூக்கினார்.

யோசெப் பார்த்தான். தெளிவாகவே பார்த்தான்.

ஒரு காலை முன்னால் வைத்தான். உடனே முதுகுக்குப் பின்னால் அந்தக் காலி வலை தெரிந்தது, திரும்பிப் பார்க்காமலே. நெதர்லாந்துக்காரனின் அந்த முழியும் கூடவே வந்தது. கால் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வலைக்கு முன்னாலிருந்த ஐஸ் தூளை மட்டையால் இப்படியும் அப்படியும் கூட்ட ஆரம்பித்தான், கவனிக்காதவன் மாதிரி. அட பாவி! இருபது வயது தடியன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது புத்தகத்துக்குள் தலையை விடுகிற பிள்ளை மாதிரி நின்றான். உர்மாஸ் கூப்பிடுவது இரைச்சலுக்கு நடுவிலும் அவன் காதில் விழுந்தது. "யோசெப்! வா!" அவன் கூட்டிக்கொண்டே இருந்தான்.

அந்தப் பக்கம் ஓர் அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொரு ஆள் அங்கே இருந்திருந்தால் திரும்பியதை எடுத்து உள்ளே போட்டிருப்பான். இல்லை. வில்லை வெளியே தெறித்து வந்தது, தோமந்தாஸிடம். அவன் தனியாக வந்தான். யோசெப் ஒரு எட்டு முன்னால் வைத்து, இடது பக்கம் சாய்கிறவன் மாதிரி காட்டிவிட்டு, வலது காலை நீட்டினான். ஒரே அறையில் இருக்கிறவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று தெரியாதா? வில்லை கால் காப்பில் பட்டு மேலே பறந்தது. அரங்கம் அதிர்ந்தது. "யோ-செப்! யோ-செப்!" என்று படிகளில் நின்றவர்கள் குதித்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெயரை அப்படி யாரும் சொல்லவில்லை. ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

பிறகு நேரம் கரைந்தது. லிதுவேனியாக்காரர்கள் ஆளை மாற்றிப் புதுக்காலோடு வந்துவிட்டார்கள். முக்கால் நிமிடம் இருக்கும்போதுதான் வில்லை மறுபடி எதிரணியின் கோட்டுக்குள் போனது. உர்மாஸின் கைகள் மேலே போவதற்குள்ளேயே யோசெப் கிளம்பிவிட்டான். இரண்டு தோளும் ஆட, காப்புகள் தொடையில் மோத, ஓடிய ஓட்டத்தில் பெஞ்சுக்கு முன்னாலிருந்த தடுப்புப் பலகையின் மேல் விழுந்து உள்ளே உருண்டான். சீம் வெளியே குதித்தான்.

பெஞ்சில் முழங்காலிட்டபடி, பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஒரு கோல்கீப்பருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. இடது பக்கம் அவனுடைய வலை திறந்து கிடக்கிறது. வலது பக்கம் பதினோரு பேர் ஒரு வில்லைக்காக முட்டி மோதுகிறார்கள். சீம் அடித்தான், தடுத்தார்கள். கிரில் அடித்தான், ஒருவன் குறுக்கே விழுந்தான். தோமந்தாஸ் வெளியே தள்ளப் பார்த்தான், கோட்டருகே நம் ஆள் நெஞ்சால் நிறுத்தினான். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். ஐந்து. நான்கு. சீம் வலைக்குப் பின்னாலிருந்து நடுவே தள்ளினான். கிரில் வாங்கினான், பார்த்தான், தூக்கி அடித்தான்.

வில்லை வலைக்குள் போனது. சங்கும் ஊதியது.

பெஞ்சு மொத்தமும் உள்ளே குதித்தது. யோசெப் குதிக்கவில்லை. எதிர் வலைக்குப் பின்னால் கண்ணாடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேரம் முடிந்தால் பச்சை எரியும். பச்சை எரிந்துவிட்டால், கோலுக்கான சிவப்பு எரியவே எரியாது. நடுவர் வலையருகே வந்து இரண்டு கைகளையும் விரித்து, கோல் இல்லை என்று காட்டினார். கிரில் அவரிடம் போய் முட்டிக்கொண்டு நின்று கத்தினான். என்ன கத்தி என்ன? ஒரு கண்ணிமைப்பு. அவ்வளவுதான் தாமதம்.

லிதுவேனியாப் பையன்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கட்டிக்கொண்டார்கள்.

கிரில் பெஞ்சுக்கு வந்து மட்டையைத் தரையில் அடித்தான். "ஏன் கோச் இவ்ளோ லேட்டா கூப்பிட்டீங்க? அவனுங்க நாக்கு தள்ளி நின்னானுங்களே, அப்பவே கூப்பிட்டிருக்கலாம்ல! கூட ஒருத்தன் இருந்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்!"

உர்மாஸ் கூடுதல் நேரத்துக்கு இறங்க வேண்டிய மூன்று பேரின் பெயரை மட்டும் சொன்னார். மேலேயிருந்து ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான். "யோவ் உர்மாஸ்! உனக்கு மணி பாக்கத் தெரியாதாய்யா?" நாலைந்து பேர் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். அவர் அதற்கும் திரும்பவில்லை. யோசெப் அவர் பக்கத்தில் போனான்.

"கோச், நான்..."

"முகமூடிய மாட்டு. இன்னும் ஆட்டம் இருக்கு."

அவன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

இருந்தது. அதுதான் கொடுமை. செத்தபிறகும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும், கோல்கீப்பர் போகப் பக்கத்துக்கு மூன்று பேராக; நடுவில் ஒரு கோல் விழுந்தால் அதோடு முடிந்தது. லிதுவேனியாவுக்கு அது வெறும் விளையாட்டு, சிரித்துக்கொண்டே ஆடினார்கள். கிரில் மட்டும் யார் மீதோ பழி தீர்ப்பவன் போல ஓடி, இரண்டு பேரைத் தாண்டி, கோல் போட்டான். மூன்றுக்கு இரண்டு. எஸ்டோனியா ஜெயித்தது. ஒருத்தன்கூடக் கையைத் தூக்கவில்லை.

இரண்டு அணிகளும் எதிரெதிர்க் கோட்டில் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கி ஒவ்வொரு அணியின் சிறந்த ஆட்டக்காரனையும் அறிவித்தது. எஸ்டோனியாவுக்கு, கோல்கீப்பர் யோசெப். கைதட்டல் என்றால் அப்படிக் கைதட்டல். அழுதுகொண்டே தட்டினார்கள். "உன்மேல தப்பில்ல தம்பி!" என்று ஒரு சுரங்கத்துக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். யோசெப் போய் யாரோ நீட்டிய பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். அதில் என்ன இருந்தது என்று கடைசிவரை பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு, ஜெயித்தவர்களின் தேசிய கீதத்தைப் போடுகிற வழக்கப்படி, எஸ்டோனியாவின் கீதத்தைப் போட்டார்கள். கீழே இறங்கியவர்கள் தங்கள் வெற்றிக்காக விறைப்பாக நின்றார்கள். யோசெப்புக்கு ஒரு வரிகூடப் பாட வரவில்லை.

கைகுலுக்கும் வரிசையில் யோசெப் முதலில் போனான், அவனுக்குப் பின்னால் கிரில். தோமந்தாஸ் கை கொடுக்கவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் கண்ணீரும் வேர்வையும்.

"என்னை எப்படிடா தடுத்த, திருடா? சரி, அது போகட்டும். உங்க கோச்சுக்கு நான் ஒரு பாட்டில் வாங்கித் தரணும். ரெண்டரை நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு மூச்சே இல்ல. இப்ப உன்னைக் கூப்பிட்டுருவாரு, செத்தோம்னு நெனச்சேன். நல்ல வேள, அந்த மனுஷன் தூங்கிட்டாரு."

யோசெப் அவனை விலக்கி நிறுத்தினான்.

"தூங்கல. கூப்பிட்டாரு."

"என்ன?"

"அப்பவே கூப்பிட்டாரு. ரெண்டு கையையும் தூக்கினாரு, பேர் சொல்லிக் கத்தினாரு. நான் பாத்தேன். பயந்துட்டேன். நான்தான் போகல."

தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. பின்னால் நின்றவனுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான். வரிசை நின்றுபோனது. யோசெப் திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் கிரில் மூச்சு வாங்குவது கேட்டது. அடிப்பான் என்றே நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தான்.

கிரில் பெஞ்சுப் பக்கம் பார்த்தான். அங்கே உர்மாஸ் தனியாகக் குனிந்து, தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மேலேயிருந்து இன்னும் ஒருவன் அவரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"நட," என்றான் கிரில், யோசெப்பின் முதுகில் கையை வைத்துத் தள்ளி. "எல்லாருக்கும் கை குடுத்து முடி. அப்புறம் அவர்கிட்டப் போகணும். நானும் வர்றேன்."

யோசெப் அடுத்த ஆளுக்குக் கை நீட்டினான்.